கடலுக்கும் பாயிண்ட் பாருங்கள்

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. 2019 நவம்பர் 26 வரைக்கும் இருந்தது. அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து எங்களைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். மரக்காணம் அவர்களோடு நின்றுவிட்டது, கல்வராயன் மலை எங்களோடு வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1993 வரை, தென்னாற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது கடலூர்தான் எங்களுக்குத் தலைநகரம். ஆக, இரண்டு அரசாணைகளில் கடலைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. இந்த ஊரிலிருந்து போய்க் கடல் மீனுக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன் என்றால், கேட்பவர்கள் ஒரு நொடி யோசிக்கத்தான் செய்கிறார்கள்.

கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணைக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு. அப்பா மரவள்ளிக்காரர், கொஞ்சம் கரும்பும் உண்டு. நான் புள்ளியியல் படித்துவிட்டு, கடல் மீன்வள ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் தரவுப் பகுப்பாய்வாளராக இருக்கிறேன். அம்மாவிடம் யாராவது கேட்டால், “மீன் கணக்கு எழுதுற வேலை” என்று சொல்லிவிடுவார். அதைவிடச் சரியாக என் நியமனக் கடிதத்திலும் எழுதவில்லை.

“மலையடிவாரத்துல பொறந்துட்டு கடலப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்று உறவில் ஒரு சித்தப்பா கேட்பார். மலையிலிருந்து கடல் அவ்வளவு தூரமில்லை என்பதுதான் பதில். கல்வராயன் மேல் பெய்கிற மழை கோமுகியாக இறங்கி, மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைத் தொடுகிறது. மலைக்கு மேற்கே சேலம் பக்கம் இறங்கும் கரியகோவில் ஆற்றுத் தண்ணீரும் வசிஷ்ட நதி வழியாக அதே வெள்ளாற்றுக்குத்தான் போகிறது. அந்த முகத்துவாரத்தின் கரையில்தான் பேராசிரியர் சேஷய்யா கட்டி எழுப்பிய அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் நிற்கிறது. இந்தியாவில் அதிகம் ஆராயப்பட்ட கழிமுகங்களில் வெள்ளாறும் ஒன்று. உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும் என்பதால், எங்கள் மலையில் மழை தவறினால் அங்கே யாருக்கோ வலை இளைக்கும். சித்தப்பா இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு மீன் என்றால் அணை மீன்தான்: கட்லா, ரோகு, ஜிலேபி.

நான் எழுத வந்தது வேறு விஷயம். ஆண்டுதோறும் ஒரு செய்தி வரும். கடந்த ஆண்டு நாட்டில் இத்தனை லட்சம் டன் கடல் மீன் பிடிபட்டது, இந்த மாநிலம் முதலிடம், அந்த மாநிலம் இரண்டாமிடம் என்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியக் கரைகளில் இறங்கியது 34.7 லட்சம் டன். குஜராத் 7.54 லட்சம் டன், தமிழ்நாடு 6.79, கேரளம் 6.10. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை மாவட்ட வாரியாகப் போடுகிற தோரணையில் இந்தச் செய்தியைப் போடுகிறோம். ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் கவலை. அந்த எண்ணை உருவாக்குகிற வேலையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: டன் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கடல் நன்றாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் கடல் கெட்டுக்கொண்டிருக்கும்போதுதான் டன் ஏறும்.

எங்கள் பகுதியில் மரவள்ளி விற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லோடு எடைமேடையில் ஏறி இறங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண் போகச் சுத்தம் செய்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். சத்துக் குறைந்தது இலேசாகிவிடும். அதை வைத்து ஒரு பாயிண்ட் சொல்வார்கள். விலை அந்தப் பாயிண்டுக்குத்தான். நல்ல மழைக்குப் பின் பிடுங்கிய கிழங்கு டன்னில் தூக்கலாக நிற்கும், பாயிண்டில் அடிவாங்கும். பாயிண்ட் பார்க்கிற தராசு ஆலையின் கையில். அவர்கள் சொல்கிற எண்ணைக் கேட்டுக்கொண்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவது மட்டும்தான் அப்பாவின் பங்கு. “கெழங்கு என்னுது, எண்ணு அவனுது” என்பார். இந்த வேலைக்கு வந்தபிறகு அந்த வாக்கியம் எனக்கு இரண்டு விதமாகக் கேட்கிறது.

மீனுக்கு நாம் எடைமேடையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

இந்த டன் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. சென்னையில் பிறந்து, மண்டபத்தில் வளர்ந்து, 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்ட நிறுவனம். நாட்டின் கடற்கரை முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்கள். எல்லாவற்றிலும் எல்லா நாளும் ஆள் நின்று எடை பார்ப்பது நடக்காத காரியம். எனவே கரையை மண்டலங்களாகப் பிரித்து, எந்தத் தளத்துக்கு எந்த நாள் போவது என்பதைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். களப்பணியாளர் முதல் நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை அங்கே நிற்பார். மறுநாள் காலை 6 முதல் பகல் 12 வரை நிற்பார். இடைப்பட்ட இரவுக்கு விசாரித்து எழுதிக்கொள்வார். வந்த படகு 15க்குள் இருந்தால் அத்தனையையும் பார்க்க வேண்டும். 50ஐத் தாண்டினால் ஐந்துக்கு ஒன்று. அதிலிருந்து அந்த நாள், அந்த நாளிலிருந்து மாதம், மாதத்திலிருந்து மண்டலம், மாநிலம், நாடு என்று பெருக்கிக்கொண்டே போவது. பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே முறையில் எடுக்கப்படும் கணக்கு இது.  இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் பெருக்கலின் அடியில் இருப்பது ஒரு கூடை. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு ஒதுங்கி, மீன் கொட்டி, ஏலம் முடிந்து, ஐஸ் அடைத்து வண்டியேறுவதற்குள் அதிக நேரம் கிடைக்காது. தராசைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்திப் பார்க்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். கூடை எண்ணிக்கைதான் கணக்கு. களப்பணியாளரோடு ஒருமுறை நின்றபோது ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: “முப்பது கிலோன்னு எழுதிக்க பாப்பா. ஆனா அந்தாண்ட இருக்கு பாரு, அதுவும் கூடைதான், அதுல நாப்பது புடிக்கும். தண்ணி வடியாம இருந்தா இன்னும் மேல.” களப்பணியாளர் தலையாட்டிவிட்டு, கூடைக்கு நேரே ஒரு சின்ன அடையாளம் போட்டுக்கொண்டார். எந்தக் கூடை, எந்த வியாபாரி, என்ன மீன் என்று பார்த்த மாத்திரத்தில் கிலோவாக மாற்றத் தெரிந்த மனிதர். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. பல இடங்களில் இந்த வேலை இப்போது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் நடக்கிறது. திட்டம் முடிந்தால் ஆளும் போய்விடுகிறார், கூடையும் கிலோவும் அவரோடு போய்விடுகின்றன. பிறகு வருகிற புதியவரின் கணக்கில் எனக்கு ஓர் ஏற்றமோ இறக்கமோ தெரியும். கடல் மாறியதா, ஆள் மாறினாரா என்று கண்டுபிடிப்பதற்கே சில வாரம் ஆகும்.

என் திரையில் வந்து சேர்வதெல்லாம் வரிசை வரிசையாக எண்கள். அதில் என்னை அதிகம் படுத்துவது பெரிய எண்கள் அல்ல, காலிக் கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு அந்த மீன் விழவில்லையா, அல்லது யாரும் பார்க்கவில்லையா? பூஜ்யத்துக்கும் காலிக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் சராசரி தரை தட்டும். பூஜ்யத்தைக் காலியாக எடுத்துக்கொண்டால் கடல் செழிப்பாகத் தெரியும். வெறுங்கையோடு திரும்பிய படகு ஏலக்கூடத்துக்கே வராது. டீசல் கணக்கில் மட்டும் இருக்கும். மீனவர் வீட்டில் அன்றைய இழப்பு நன்றாகத் தெரியும். என் அட்டவணையில் அந்த நாளே இருக்காது. இன்னொரு தொல்லை “இதர மீன்கள்” என்கிற பத்தி. சங்கரா, வஞ்சிரம், வவ்வால் எல்லாம் பெயரோடு நிற்கும். கழிசல் என்று ஒதுக்கப்படும் பொடி மீன், வளர்ந்தால் சங்கராவாகவும் வாளையாகவும் ஆகியிருக்க வேண்டியது, அந்த இதரத்துக்குள் மொத்தமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இந்தக் குறைகளெல்லாம் கணக்கு எடுக்கிற எந்த நாட்டிலும் இருப்பவை. இவற்றுக்குத் திருத்த முறைகளும் உண்டு. எனக்கு உறுத்துவது அதற்கு மேலே நடப்பது. மத்திய மீன்வளத் துறையின் புள்ளிவிவரக் கையேட்டில் 2022–23க்கான கடல் மீன் உற்பத்தி 44.32 லட்சம் டன். கொச்சி நிறுவனத்தின் 2022 மதிப்பீடு 34.9 லட்சம் டன். முன்னது மாநிலத் துறைகள் அனுப்புவதைக் கூட்டியது, நிதியாண்டுக்கானது. பின்னது காலண்டர் ஆண்டுக்கானது, அந்தமானும் லட்சத்தீவும் சேராதது. இந்த விளக்கங்களை எல்லாம் கழித்தாலும் 9 லட்சம் டன் வித்தியாசம் கரைந்துவிடாது. 9 லட்சம் டன் என்பது குஜராத் ஒரு வருடம் முழுக்கப் பிடித்ததைவிட அதிகம். ஒரே கடலுக்கு இரண்டு அரசு எண்கள் இருக்கின்றன, எந்த எண்ணை வைத்து நாம் மகிழ்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா உதாரணம். 2001இல் ரெக் வாட்சன், டேனியல் பாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீனக் கடலின் இயற்கை வளத்துக்கு ஒத்துவராத அளவில் அந்நாட்டின் மீன்பிடிக் கணக்கு ஏறிக்கொண்டே போயிருந்தது. உற்பத்தி இலக்கை எட்டினால்தான் உள்ளூர் அதிகாரிக்குப் பதவி உயர்வு என்ற ஏற்பாடு இருந்ததால், கடலில் இல்லாத மீன் காகிதத்தில் பிடிபட்டது. அந்த உபரியைக் கழித்துப் பார்த்தால், ஏறிக்கொண்டிருப்பதாக உலகமே நம்பிய மொத்த மீன்பிடிப்பு எண்பதுகளின் கடைசியிலிருந்தே சரிந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் டன் ஆசை உலகத்தின் கண்ணையே கட்டிவிட்டது. நம்முடைய பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் 2020இல் தொடங்கியபோது வைத்த இலக்கும் டன்தான்: 2024–25க்குள் 220 லட்சம் டன். அதில் பெரும்பங்கு குளத்து மீனும் பண்ணை மீனும் என்பது உண்மை. ஆனால் இலக்கு டன்னில் இருக்கும்வரை, கீழே கணக்கு எழுதுகிற கை எந்தப் பக்கம் சாயும் என்பது யூகிக்க முடியாததா?

சரி, டன்னோடு வேறென்ன பார்க்க வேண்டும்? முதலாவது, உழைப்பு. எத்தனை படகு, எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வலை இழுத்து இந்த டன் கிடைத்தது. உதாரணத்துக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். முன்பு காலையில் போய் மாலையில் திரும்பி ஒரு டன் கொண்டுவந்தது. இப்போது தங்குகடலுக்குப் போய் ஏழு நாள் கழித்து நாலு டன்னோடு வருகிறது. ‘ஒரு நடைக்கு’ என்று எழுதினால் நாலு மடங்கு உயர்வு. ‘ஒரு நாளைக்கு’ என்று எழுதினால் பாதிக்கு நெருங்கிய சரிவு. இரண்டும் ஒரே படகு, ஒரே மீன். எந்த வகுத்தலைப் போடுகிறோம் என்பதில்தான் கடல் வாழ்கிறதா தேய்கிறதா என்பது இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலில் அமலாகிற எந்தச் சட்டமும் டன்னைத் தொடுவதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது நாள் கணக்கு. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று கொடுத்த இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் அந்த வலையைப் போடலாம் என்று சொன்னது. அதுவும் நாள் கணக்கு, மணிக் கணக்கு. நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது, அளக்க வேண்டியது எதை என்று. கடலூர்ப் பக்கத்து மீனவ ஊர்களில் சுருக்குமடி வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். சில மோதல்கள் ரத்தத்தில் முடிந்திருக்கின்றன. “ஒரே இழுப்புல மொத்தத்தையும் அள்ளிடறான்” என்கிறது ஒரு தரப்பு. “நாங்க புடிக்கறது ஓடற மீனு, நாங்க விட்டா வேற எவனாவது புடிப்பான்” என்கிறது இன்னொரு தரப்பு. இந்த இரண்டு வாக்கியங்களையும் எண்ணால் சோதித்துப் பார்க்கலாம். அதற்கான பதிவுகளில் பெரும்பகுதி கையில் இருக்கிறது. ஆனால் அவை ஆங்கில ஆண்டறிக்கையிலும் ஆய்வுக் கட்டுரையிலும் இருக்கின்றன. ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருவது கல்லும் கம்பும்தான்.

உழைப்பு மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஐந்நூறு ஆண்டு காலம் காட் மீன் பிடித்தார்கள். எண்பதுகளில் பெரிய இழுவைப் படகுகளின் ஒரு மணி நேரப் பிடிப்பு நன்றாகவே இருந்தது. எனவே மீனும் நன்றாக இருப்பதாகக் கணக்குப் போட்டார்கள். நடந்தது வேறு. மிச்சமிருந்த காட் ஓரிரு இடங்களில் கூட்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. படகுகளின் கருவிகள் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையாகியிருந்தன. கரையோரம் சின்னப் படகில் போனவர்கள்தான் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று முதலில் சத்தம் போட்டார்கள். அவர்கள் பேச்சை அனுபவக் கதை என்று ஒதுக்கினார்கள். 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியபோது முப்பதாயிரம் பேருக்கு வேலை போயிற்று. என் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யவேண்டிய கதை இது. வரைபடம் வரைகிறவர்கள் தோற்று, வலை போட்டவர்கள் ஜெயித்த கதை.

பக்கத்தில் கேரளத்திலேயே ஒன்று நடந்தது. மத்தி மீன் 2012இல் அங்கே ஏறக்குறைய 4 லட்சம் டன் இறங்கியது. டன்னை மட்டும் பார்த்தால் அதுதான் பொற்காலம். 2021இல் 3,297 டன். லட்சமல்ல, வெறும் மூவாயிரம். கடல் வெப்பம், எல் நினோ எல்லாம் காரணம்தான். ஆனால் அந்தப் பொற்காலத்தில் தாங்குமளவுக்கு மேல் அள்ளியதும் காரணம் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. பிறகு மீன் திரும்பி வந்தது, 2023இல் 1.38 லட்சம் டன். மறு ஆண்டு மத்தி கூட்டம் கூட்டமாக விழுந்தது, ஆனால் கைவிரல் நீளத்துக்கு மேல் வளராமல். டன் இருந்தது, விலை இல்லை.

எனவே இரண்டாவது, நீளம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். மீனைப் பலகையில் கிடத்தி மூக்கு நுனியிலிருந்து வால் வரை அளந்து, சென்டிமீட்டர் வாரியாகக் கோடு போடுவார்கள். ஒரு மாதத்து நீளங்களைப் படமாகப் போட்டால் நடுவில் ஒரு மேடு எழும். அடுத்த மாதம் அந்த மேடு கொஞ்சம் வலப்பக்கம் நகரும். அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். கடலுக்குள் ஒரு தலைமுறை வளர்வதை அறைக்குள் உட்கார்ந்து பார்க்கலாம். குளிர்க்கடல் மீனுக்கு மரத்தின் வளையம் போலக் காதுக் கல்லில் வயது தெரியும். நம்முடைய வெப்பக்கடல் மீனில் அதைப் படிப்பது கடினம் என்பதால் நீளம்தான் நமக்கு ஜாதகம். வலப்பக்கத்து வால் ஆண்டுக்காண்டு குறுகினால் பெரிய மீன், முட்டையிடும் மீன், தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டன் அப்போதும் அசையாமல் நிற்கலாம். கேரளம் 2015இல் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். அது அங்கே ஒழுங்காக அமலாகிறதா என்பது தனி வாக்குவாதம். ஆனால் அங்கே மீனவர் சங்கக் கூட்டத்தில் சென்டிமீட்டர் என்ற சொல் புழங்குகிறது. இங்கே இன்னும் கூடைதான்.

இந்தப் பொடி மீனெல்லாம் எங்கே போகிறது? காய்ந்து, தூளாகி, தீவனமாகிறது. கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்ப்பது பழைய வழக்கம். நாமக்கல் கோழிப்பண்ணை எங்களுக்கு எட்டுகிற தூரம்தான். கல்வராயன் மேலே வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளை சத்துணவில் முட்டை சாப்பிடுகிறது என்றால், சங்கராவாக வளர்ந்திருக்க வேண்டிய ஒன்று அதற்குள் இருக்கக்கூடும். மலைக்காரர்களுக்குக் கடல் கணக்கில் என்ன அக்கறை என்று கேட்கும் சித்தப்பாவுக்கு நான் சொல்கிற இரண்டாவது பதில் இது. முதல் பதிலைவிட இதைக் கொஞ்சம் மதிக்கிறார்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. உழைப்பும் நீளமும் களப்பணியாளர்கள் ஏற்கெனவே எழுதுகிறவைதான். டன்னை அறிவிக்கும் அதே அறிக்கையில், அதே முதல் பக்கத்தில், அவற்றையும் போடுங்கள். விசைப்படகுக்குத் தனியாக, நாட்டுப்படகுக்குத் தனியாக. துறையின் எண்ணும் நிறுவனத்தின் எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்று அடிக்குறிப்பாகவாவது எழுதுங்கள். அதோடு, கூடையைக் கிலோவாக்கத் தெரிந்தவர்களை ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரத்துக்கு மாற்றுங்கள். 2025 கடைசியில் நடந்த கடல் மீனவர் கணக்கெடுப்பு முழுக்கக் கைப்பேசிச் செயலியில் நடந்தது. வரவேற்கிறேன், காகிதத்தைத் தட்டச்சு செய்கிற பிழையெல்லாம் ஒழியும். ஆனால் ஈரக் கூடை எது, வடிந்த கூடை எது என்று செயலிக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல், எண்ணைக் கரைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு பலகை. போன மாதம் இங்கே இறங்கியது எவ்வளவு, எத்தனை படகு நாளில், முக்கியமான நாலைந்து மீனின் சராசரி நீளம் என்ன, போன வருடம் இதே மாதம் என்ன. தமிழில். அந்த ஊர் அந்த மீனை எந்தப் பெயரில் அழைக்கிறதோ அந்தப் பெயரில். கடலூரில் கானாங்கெளுத்தி என்றும் கன்னியாகுமரியில் அயிலை என்றும் எழுத வேண்டும்.

துறைக்குள் இதற்கு எதிர்ப்பு உண்டு. அரைகுறைக் கணக்கு வெளியே போனால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள் என்பது ஒன்று. எடுக்கட்டும். இப்போது டன்னுக்கு எடுக்கிற அர்த்தத்தைவிட அது மோசமாக இருக்கப்போவதில்லை. மீனவர்கள் பக்கமும் தயக்கம் இருக்கிறது, அதுதான் கனமானது. “நாங்க கணக்குக் குடுப்போம். அத வச்சே நாளைக்கு மானியத்தைக் கொறைப்பீங்க, வலையப் புடுங்குவீங்க” என்று படகு உரிமையாளர் ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் பயம் வெறும் கற்பனை என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இதுவரை அவர் கொடுத்த எண் மேலே போயிருக்கிறது. திரும்பி வந்தது உத்தரவு மட்டும்தான். கிழங்கு என்னுது, எண்ணு அவனுது. எண் அவர் கண்முன் சுவரில் இருந்தால், அது தப்பு என்று சண்டை போடவாவது முடியும். அந்தச் சண்டையிலிருந்து எனக்கு நல்ல தரவு கிடைக்கும் என்பது என் சுயநலம்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடியும். விசைப்படகுகள் போய்த் திரும்பியதும், வலை நிறைய மீன், மீனவர்கள் மகிழ்ச்சி என்று வழக்கம்போல் செய்தி வரும். இரண்டு மாதம் விட்டுவைத்த கடலில் முதல் நடை நிறையத்தான் செய்யும். அது செய்தியே அல்ல. துறைமுகத்துக்குப் போகும் நிருபர்கள் படகுக்காரரிடம் எத்தனை நாள் தங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு, ஒரு இழுப்புக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதட்டும். படம் எடுக்கும்போது மேலாக அடுக்கிவைத்த பெரிய சங்கராவை விட்டுவிட்டு, கூடையின் அடியில் கிடப்பதை ஒன்று எடுத்துப் பார்க்கட்டும். ஸ்கேல் கையில் இல்லையென்றால் பரவாயில்லை. ஏலக்கார அக்காவிடம் கேட்டால், போன வருடம் இதே நேரத்தில் எத்தனை விரல் இருந்தது, இப்போது எத்தனை விரல் என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்.